எஸ்டி அட்டையிலிருந்து எஸ்எஸ்டி வரை

1999 ஆகஸ்டில் தோஷிபா, சான்டிஸ்க், மட்சுஷிட்டா மூன்றும் சேர்ந்து எஸ்டி அட்டையை அறிவித்தன. அப்போது இலங்கையின் வடக்கே துணுக்காய், மல்லாவிப் பக்கம் பற்றரிகூடத் தட்டுப்பாடு. போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்த காலம் அது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள்.

அந்த எஸ்டி அட்டைதான் பிறகு மலிவுக் கணினிகளின் சேமிப்பகமாயிற்று. 2012 பெப்ரவரி 29 இல் 35 டொலருக்கு வந்த ராஸ்பெரி பை, இயங்குதளம் முதல் கோப்புகள் வரை எல்லாவற்றையும் அதில்தான் வைத்தது. கமராப் படங்களுக்குப் பழகிய பொருளின் தலையில் முழுக் கணினியையே ஏற்றியது கொஞ்சம் அதிகம்தான். ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு கலமும் குறிப்பிட்ட தடவைகளே அழித்தெழுதத் தாங்கும். இயங்குதளமோ ஓயாமல் எதையாவது பதிந்துகொண்டே இருக்கும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் கோப்பமைப்பே குழம்பிவிடலாம். மின்வெட்டு பழகிய ஊர்களில் இது சின்ன விஷயமில்லை.

எஸ்எஸ்டியும் அதே ஃபிளாஷ்தான். ஆனால் தேய்மானத்தைக் கலங்களுக்கிடையே பகிர்ந்துவிடும் கட்டுப்பாட்டுச் சில்லு அதில் பொதுவாக வலிமையானது.

2019 இல் வந்த பை 4 இல் யூஎஸ்பி 3.0 கிடைத்தது, அதன்வழி எஸ்எஸ்டியிலிருந்தே கணினியைத் தொடங்கும் வசதி 2020 இல் சேர்ந்தது. 2023 இன் பை 5, பிசிஐஇ இணைப்பைப் பலகைக்கு வெளியே கொண்டுவந்தது. அதில் எம்.2 எஸ்எஸ்டியை இணைக்க உதவும் எம்.2 ஹாட்+ பலகை 2024 மே மாதம் 12 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. மலிவான எம்.2 எஸ்எஸ்டிகளில் மின்னிழப்பைச் சமாளிக்கும் மின்தேக்கிகள் பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால், யூபிஎஸ் வாங்கும் செலவு மட்டும் மிஞ்சுகிறது.