புறம்போக்கு: ஒரு கணக்குச் சொல்லும் ஒரு கழுவேலியும்

'புறம்போக்கு' இன்று ஒரு வசவு. ரயத்துவாரிக் கணக்கில் அதற்குத் தீர்வை விதிக்கப்படாத நிலம் என்று பொருள். ஏரி, மேய்ச்சல்வெளி, சுடுகாடு, வண்டிப்பாதை எல்லாம் இந்த ஒரே வகைப்பாட்டுக்குள் தள்ளப்பட்டன. வரி தராதது என்பது பயன் தராதது என்று நழுவியதற்கு வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது என்று நினைக்கிறேன். விடுதலைக்குப் பின் அந்தப் பதிவேட்டை ஒருத்தரும் மூடிவைக்கவில்லை. திட்டமிடுதலில் பல்லுயிரியத்துக்கு ஏன் இடமில்லை என்ற கேள்வியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்வோம். வட்டார வழக்கில் கழுவேலி. தென்சென்னையில் ஏறக்குறைய 250 சதுர கிலோமீட்டரில் பெய்கிற மழை ஏரி ஏரியாக வழிந்து இங்கே வந்து தங்கும். பிறகு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேரும். கோரையும் விராலும் வலசை வரும் பூநாரையும் இந்தத் தங்கலை நம்பித்தான் இருக்கின்றன. தங்குவதுதான் அந்த நிலத்தின் வேலை. திட்டக்காரர்களோ 'சும்மாதானே கெடக்குது' என்றார்கள். 1960களில் 5000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பில் பெரும்பகுதி போய்விட்டது. பெருங்குடிப் பக்கம் மாநகரக் குப்பை. அப்புறம் கணினி நிறுவனங்கள், அடுக்குமாடிகள், பறக்கும் ரயில்.

சட்டம் இல்லாமலா? சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994இல் கட்டாயமானது. கட்டடத் திட்டங்கள் அதன் பட்டியலுக்குள் வந்தது 2004இல்தான். வந்த பிறகும் மதிப்பீடு ஒவ்வொரு மனையையும் தனித்தனியாகத்தான் விசாரிக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் இடையிலான உறவை எந்த மனையில் போய்த் தேடுவது?

2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. போராடியவர்களின் வெற்றி இது, சந்தேகமில்லை. ஆனாலும் 'காப்புக்காடு' 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தின் சொல் என்பதை நாம் பேசியாக வேண்டும். கோடு போடுவது, உள்ளே அரசை உடைமையாளராக அமர்த்துவது, புல்லறுத்தவரையும் மீன் பிடித்தவரையும் அத்துமீறியவராக்குவது அதன் இயல்பு. கோட்டுக்கு வெளியே மிஞ்சிய சதுப்பு மறுபடி வெறும் மனைதான். புறம்போக்கின் தருக்கம் அப்படியே இருக்கிறது, எல்லை மட்டும் நகர்ந்திருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நடந்ததுதான் என்னை ரொம்பவும் உறுத்துகிறது. அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடிசைகள் ஆற்றைச் சீரமைப்பதற்காக அகற்றப்பட்டன. நதியின் உயிர்ச்சூழல் குறித்த சொல்லாடல் அப்போது அரசுக்கு நன்றாகவே கைகொடுத்தது. 'ஆக்கிரமிப்பாளர்' பட்டம் சூட்டப்பட்ட அந்தச் சனங்களில் பலரைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். பெரும்பாக்கம் அதே கழுவேலியின் விளிம்பு, தாழ்நிலம். ஆற்றங்கரையில் அவர்கள் இருந்தால் சூழல் கெடும், சதுப்போரத்தில் அரசே எட்டு மாடி கட்டினால் கெடாது என்று எந்தக் கோப்பில் முடிவானது? அங்கே பல்லுயிரியமும் கணக்கில் வரவில்லை, சனங்களும் வரவில்லை. 2023 டிசம்பர் மழையிலும் பெரும்பாக்கத்துத் தெருக்களில் தண்ணீர் வந்து தங்கியது.