இந்த வரியை எழுதியது யார்?

நிரலில் ஒரு வரியை யார், எப்போது மாற்றினார் என்று காட்டும் வசதிக்கு ஐம்பது வயதாகிவிட்டது. 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கிய எஸ்சிசிஎஸ், ஒவ்வொரு வரியும் எந்தப் பதிப்பில் நுழைந்தது என்பதைக் கோப்பிலேயே குறித்து வைத்தது. ஆனால், பார்க்கணும்னா தனிக் கட்டளை தட்டணும்.

பிற்பாடு ஈமேக்ஸ் தொகுப்பி அதைத் திரைக்குள்ளேயே கொண்டு வந்தது. புதிய வரி சிவப்பு, மிகப் பழையது நீலம். ஒரு வரியில் நின்றபடியே அது மாறுவதற்கு முந்தைய பதிப்புக்கும் போகலாம். வண்ணத்தைவிட இதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். கடைசியாகத் தொட்டவர் வெறும் இடைவெளியைச் சரிசெய்திருப்பார். பிழை முந்தையவருடையதாக இருக்கும்.

2005இல் பிறந்த கிட்டில் இக்கட்டளையின் பெயர் 'பிளேம்', அதாவது பழி. சப்வெர்ஷனில் அதே வேலைக்கு 'பிரெய்ஸ்' (பாராட்டு) என்றும் தட்டலாம்!