வெள்ளி விளைந்த மலையூர்

வெள்ளி விழாக் கொண்டாடும் நாம், வெள்ளியால் பிறந்து, வெள்ளி தீர்ந்த பின்னும் வாழ்ந்து வரும் ஓர் ஊரின் வரலாற்றை அறிவது பொருத்தமே. ஜெர்மனி நாட்டின் ஹார்ட்ஸ் மலைத்தொடரில் உள்ள சாங்க்ட் அந்திரேயாஸ்பெர்க் என்பதே அவ்வூர். 'பெர்க்' என்றால் மலை. நம் முன்னோர் பெலவேந்திரர் என்று அழைத்த புனித அந்திரேயாவின் மலை என்பதே இப்பெயரின் பொருள்.

அமைப்பு

ஹார்ட்ஸ் மலைத்தொடரின் உயர்ந்த சிகரம் 1,141 மீட்டர் உயரமுள்ள புரோக்கன். அதற்குத் தென்மேற்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. தெருக்கள் செங்குத்தானவை, சுற்றிலும் ஊசியிலைக் காடுகள். குளிர்காலம் நீண்டது, பனி மிகுதி. பயிர்த்தொழில் செழிக்க வழியில்லை. மலையின் வயிற்றில் வெள்ளி இராதிருந்தால், இங்கு ஓர் ஊர் எழுந்திருக்குமோ என்பது ஐயமே.

தோற்றம்

1487-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் இவ்விடத்தின் பெயர் காணப்படுகிறது. 1521-ல் ஹோன்ஸ்டைன் பிரபுக்கள், இங்கு வந்து சுரங்கம் தோண்டுவோருக்குச் சிறப்புச் சலுகைகளை அறிவித்தனர். சாக்சனி நாட்டு மலைகளிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் வந்து குடியேறின. புகழ்பெற்ற 'சாம்சன்' சுரங்கமும் அவ்வாண்டிலேயே தொடங்கிற்று. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் தொழிலை நலிவடையச் செய்தது. பின்னர் தொழில் மீண்டும் தலையெடுத்தது. 1796-ல் மூண்ட பெருந்தீயில் ஊரின் பெரும்பகுதி அழிந்தது. மக்கள் மீண்டும் கட்டியெழுப்பினர்.

நீரும் உழைப்பும்

ஆழத்தில் ஊறும் நீரை இறைக்கவும், தாதுவை மேலேற்றவும் வேண்டிய ஆற்றலை நீர்ச்சக்கரங்களே தந்தன. அதற்காக 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'ஓடர்டைக்' என்னும் நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. நெடுங்காலம் ஜெர்மனியிலேயே பெரிய நீர்த்தேக்கமாக விளங்கியது இதுவே. மலைச்சரிவில் வெட்டிய நீண்ட கால்வாய் வழியாக அந்த நீர் ஊருக்கு வந்தது.

சாம்சன் சுரங்கம் 810 மீட்டர் ஆழம் வரை இறங்கியது. நாள் முழுதும் பாறை உடைத்த தொழிலாளி, பிறகு ஏணி ஏணியாக ஏறி வெளியே வரவேண்டும். இவ்வேறுதலே பலருடைய உடல்நலத்தைக் கெடுத்தது. இத்துன்பத்தைக் குறைக்க 1837-ல் அங்கு 'ஃபார்குன்ஸ்ட்' என்னும் பொறி அமைக்கப்பட்டது. படிகளும் கைப்பிடிகளும் பொருத்திய இரு வரிசைகள் சுரங்கத்தினுள் அருகருகே தொங்கும். நீர்ச்சக்கரம் சுழலும்போது ஒன்று ஏறும், மற்றது இறங்கும். தொழிலாளி ஒரு படியில் நின்று சிறிது உயர்வார். இயக்கம் மாறும் கணத்தில் பக்கத்துப் படிக்குக் காலை மாற்றுவார். கால் தவறினால் மரணமே. ஆயினும் நெடுநேர ஏற்றத்தின் களைப்பு வெகுவாகக் குறைந்தது.

சுரங்கக் கூலியால் மட்டும் குடும்பம் நடத்த முடியாத நிலையில், வீடுகளில் கானரிப் பறவை வளர்ப்பு பெருகியது. 'ஹார்ட்ஸ் ரோலர்' எனப்படும் இனிய குரலுடைய இப்பறவைகள் கடல் கடந்து அமெரிக்காவுக்கும் சென்றன.

வெள்ளி தீர்ந்த பின்

தாது குறைந்தது; வெள்ளியின் விலையும் வீழ்ந்தது. 1910-ல் சாம்சன் மூடப்பட்டது. ஊர் மக்கள் மனம் தளரவில்லை. தூய காற்றை நாடி வருவோருக்கும், பனிச்சறுக்கு விளையாட வருவோருக்கும் தங்கள் ஊரைத் திறந்து வைத்தனர். சுரங்கத்தின் உள்ளே, 130 மீட்டர், 190 மீட்டர் ஆழங்களில் நீர்மின் நிலையங்கள் அமைக்கப்பட்டன. வெள்ளிக்காகக் கொணர்ந்த நீர் விளக்கேற்றப் பயன்பட்டது! சுரங்கம் அருங்காட்சியகமாயிற்று. 2010-ல் மேல் ஹார்ட்ஸ் பகுதியின் பழைய நீர் அமைப்புகளை யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றது. 2011-ல் இவ்வூர் அருகிலுள்ள பிரவுன்லாகே நகரோடு இணைக்கப்பட்டது.

தோண்டியெடுத்த வெள்ளி எங்கெங்கோ சென்று மறைந்தது. நீரைத் தேக்கி வைத்த அணையோ மூன்று நூற்றாண்டுகளாக நிற்கிறது. ஓர் ஊரின் செல்வம் எதுவென நாம் எண்ணிப் பார்க்க இதுவே போதும்.