ஊர்க்காடு: பிராண்டிஸ் மரபு பற்றி ஒரு மறுவாசிப்பு

டீட்ரிச் பிராண்டிஸ் 1864 முதல் 1883 வரை இந்தியக் காடுகளின் தலைமை அதிகாரி. அரசுக் காடுகளோடு ஊரார் பொறுப்பில் ஊர்க்காடுகளும் வேண்டும் என்று வாதாடியவர். 1878 வனச்சட்டத்தில் இன்னொரு காட்டதிகாரியான பேடன்-பவலின் அரசுடைமைக் கட்சி வென்றது. இந்தத் தோல்வியை விரிவாக எழுதிய ராமச்சந்திர குகா, பிராண்டிஸ் பற்றிய 1996ஆம் ஆண்டுக் கட்டுரையில், 1990இல் தொடங்கிய கூட்டு வன மேலாண்மையை அவருடைய பார்வைக்குக் கிடைத்த தாமதமான ஏற்பாகக் காண்கிறார். அதன்பின் ஊர்க்காடு என்றாலே வம்சாவளி பிராண்டிஸிடம் போய் நிற்கிறது.

கூட்டு வன மேலாண்மைக்கு இந்த வம்சாவளி பொருந்தும். அதற்கு முன்னோடியாக 1972இல் மேற்கு வங்கத்தின் மேதினிப்பூர் மாவட்டத்து அரபாரியில் வன அதிகாரி அஜித் பானர்ஜி 11 ஊர்களைச் சேர்த்துக்கொண்டு செய்தது அடிப்படையில் காவல். வெட்டுண்ட சால் மரக் கட்டைகளில் துளிர் வந்தது. ஊரார் அதைக் காத்தார்கள். வருவாயில் 25 சதவீதம் அவர்களுக்கு என்று பேச்சு. வேர் மண்ணில் ஏற்கெனவே இருந்தது. வேரே இல்லாத பொட்டலில் ஊர் புதிதாய் மரம் வளர்ப்பது வேறு வரலாறு. குகா வரைந்த கோட்டில் காப்பதும் நடுவதும் பிரிவதில்லை. என் மறுப்பு அங்கேதான்.

1878 சட்டத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் ‘கிராமக் காடுகள்’ என்ற தலைப்பு உண்டு. 1927 சட்டத்தில் அது 28ஆம் பிரிவு. பிராண்டிஸ் தரப்புக்குக் கிடைத்த ஆறுதல் பரிசாக இதைச் சொல்வது வழக்கம். வாசகத்தை நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. அரசு தன் உரிமையை ஓர் ஊர்ச் சமுதாயத்துக்கு ஒப்படைக்கலாம். ஆனால் காப்புக்காடாக ஏற்கெனவே அமைக்கப்பட்ட நிலத்தின் மீதுள்ள உரிமையை மட்டும். ஒப்படைத்ததை ரத்தும் செய்யலாம். அதாவது ஊர் தன் மேய்ச்சல் தரையில் கன்று நட்டு அதைக் கிராமக் காடு என்று பதிய இச்சட்டத்தில் நேர்வழி கிடையாது.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். மூன்றாம் பிரிவு காட்டு நிலத்தோடு தரிசு நிலத்தையும் காப்புக்காடாக்க இடம் தருகிறதே, தரிசைக் காப்பாக்கி, நட்டு, பிறகு ஊருக்குக் கொடுக்கலாமே? எழுத்தளவில் சரி. ஆனால் ஊர் முதலில் நிலத்தின் மீதுள்ள பழக்க உரிமைகளைக் காட்டுத் தீர்வு அலுவலர் முன் வைத்து, பெரும்பாலும் இழந்து, பிறகு அதே நிலத்தை அரசின் தயவில் திரும்பப் பெற வேண்டும். சட்டம் எழுதியவர்களின் உள்நோக்கத்தை இதிலிருந்து நிறுவ முடியாது. புதுக்காடு அவர்கள் கண்ணில் படவில்லை என்ற அளவுக்குச் சொல்லலாம்.

நடும் எண்ணத்துக்கு வேறு தந்தை தேட வேண்டுமானால், காட்டதிகாரிகளை விட்டு வோல்கரிடம் போக வேண்டும். வேளாண் வேதியியலாளர். வறட்டி அடுப்பில் எரிவதால் வயலுக்கு எரு போய்ச் சேரவில்லை, ஆகவே ஊருக்குப் பக்கத்தில் விறகும் தீவனமும் தரும் காப்பு நிலங்களை உண்டாக்குங்கள் என்றது அவருடைய 1893ஆம் ஆண்டு அறிக்கை. 1976இல் தேசிய வேளாண் ஆணையம் சமூகக் காடு வளர்ப்பைப் பரிந்துரைத்தபோது இதே வாதம் திரும்பி வருகிறது. கூடவே, ஊர்விறகு ஊரில் கிடைத்தால் காட்டு மரம் ஆலைகளுக்கு மிஞ்சும் என்ற கணக்கும்.

தமிழ்நாட்டில் மூன்றாவது ஓர் இழையும் உண்டென்பது என் கருத்து. சான்று மெலிந்தது; ஆனாலும் ஒதுக்க முடியாது. வருவாய்த்துறையின் கிராமக் கணக்குகளில் ‘2சி பட்டா’ என்று ஒன்று இருக்கிறது. புறம்போக்கில் நிற்கும் புளி, பனை, மா முதலியவற்றின் பலனை அனுபவிக்க ஒருவருக்குக் கொடுப்பது. நிலம் சர்க்காருடையது, மரத்தின் பலன் பட்டாதாரருடையது. வனச்சட்டம் நிலத்தை வைத்து உரிமையைத் தீர்மானிக்க, தாலுகா கச்சேரி மரத்தைத் தனியே பிரித்துக் கணக்கெழுதியது. இது தனியாள் உரிமைதானே, ஊருரிமை எங்கே என்று கேட்டால், நியாயமான கேள்வி. ஆனால் காட்டைத் தொடாமல், காப்பு அறிவிப்பும் இல்லாமல், பொது நிலத்து மரத்துக்கு ஒரு வாரிசு சொல்லும் வழி இங்கே பழகியிருந்தது.

1981இல் சுவீடன் உதவியோடு வந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் பெருமளவில் கால்வைத்த இடம் கண்மாய் உள்வாய். மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் சாகாத கருவேலம் அங்கே மேடுகளில் ஊன்றப்பட்டது. ஆடு தின்று கழித்த விதை நன்றாக முளைக்கும் என்பதால் பட்டியில் விதை பொறுக்குவதும் உண்டு. மரம் முற்றியதும் ஏலம். ஏலத்தொகையில் ஊராட்சிக்குப் பங்கு. நிலம் ஒருவரிடம், மரத்தின் பலன் இன்னொருவருக்கும் என்ற இந்த ஏற்பாடு 28ஆம் பிரிவைவிட 2சி கணக்குக்கே நெருக்கமாக இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று நான் சொல்லவில்லை; ஒப்புமை வழித்தோன்றலுக்குச் சான்றாகாது.

காலக்கணக்கிலும் ஒரு சிக்கல். வெளிநாட்டு உதவி வருமுன்பே வனத்துறை உள்வாய்களில் கருவேலம் வளர்த்திருக்கிறது. அதை 1950களில் வைப்பதா 1960களில் வைப்பதா என்பதை இங்கே தீர்க்காமல் விடுகிறேன். முன்னது சரியானால், 1950இல் கே.எம். முன்ஷி தொடங்கிய வனமகோத்சவத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். பின்னதென்றால் அன்றைய விறகுத் தட்டுப்பாடே போதுமான காரணம். எப்படியானாலும் அது 1976 ஆணையத்துக்கு முந்தியது, பிராண்டிஸின் ஊர்க்காட்டுக்கும் வெளியே நிற்பது.