சாத்தூர் குருதியேற்றத் தவறு, 2018

சாத்தூர் குருதியேற்றத் தவறு என்பது விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் 2018 டிசம்பரில் கருவுற்ற பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுடைய குருதி ஏற்றப்பட்ட நிகழ்வாகும். குருதிச்சோகைக்காக ஏற்றப்பட்ட அக்குருதி, சிவகாசி அரசு மருத்துவமனைக் குருதி வங்கியிலிருந்து பெறப்பட்டது.

தவறு நேர்ந்த விதம்

இந்தியாவில் கொடையாகப் பெறப்படும் ஒவ்வொரு அலகுக் குருதியும் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி, மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிக்கப்பட்ட பின்னரே வழங்கப்பட வேண்டும். தொற்றிய முதற்சில வாரங்களில் எதிர்ப்பொருள் சோதனை எச்.ஐ.வி.யைக் காட்டாதிருக்கலாம். ஆனால் இக்கொடையாளர் 2016 இல் குருதி அளித்தபோதே தொற்று கண்டறியப்பட்டிருந்தது. அது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. எனவே 2018 நவம்பரில் அவர் மீண்டும் குருதி அளித்தார். அப்போது முறையான சோதனை நடந்திருப்பின் தொற்று தெரிந்திருக்கும். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் உண்மையை அறிந்த அவரே மருத்துவமனைக்குத் தகவல் அளித்தார். அதற்குள் குருதி ஏற்றப்பட்டுவிட்டது.

விளைவுகள்

தற்கொலைக்கு முயன்ற கொடையாளர் டிசம்பர் 30 அன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் உயிரிழந்தார். அங்கேயே 2019 சனவரியில் அப்பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை எனப் பின்னர் சோதனையில் தெரியவந்தது. அப்பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 இல் உத்தரவிட்டது.