முதியோரும் கடுங்காயமும்

விபத்தாலோ கீழே விழுவதாலோ முதியோருக்கு நேரும், உயிருக்கு ஆபத்தான காயங்களும் அவற்றின் பின்விளைவுகளும் அவசர மருத்துவத்தில் தனிப் பிரிவாக ஆராயப்படுகின்றன. இந்தியச் சட்டப்படி 60 வயது நிறைந்தவர் மூத்த குடிமகன். மருத்துவ ஆய்வுகள் பெரும்பாலும் 65 வயதை எல்லையாகக் கொள்கின்றன.

காயத்தின் கடுமையை அளக்க இன்றும் பயன்படும் மதிப்பெண் முறையை 1974இல் அமெரிக்காவில் சூசன் பேக்கரும் அவருடைய குழுவினரும் வகுத்தனர். அதிகமாக அடிபட்ட மூன்று உடற்பகுதிகளின் மதிப்பெண்களைத் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டுவார்கள். உச்சம் 75. பதினைந்தைத் தாண்டினால் கடுங்காயம். இதில் வயதுக்கு இடமில்லை. அதே மதிப்பெண் பெற்ற 25 வயதுக்காரர் எழுந்து நடக்க, 75 வயதுக்காரர் இறந்துபோவதுண்டு. இக்குறையை நீக்கப் பின்னாளில் வந்த முதியோர் சூத்திரம், வயதோடு காய மதிப்பெண்ணின் இரண்டரை மடங்கைக் கூட்டுகிறது. முதல் நாளில் இரத்தம் ஏற்ற நேர்ந்தால் மேலும் 22 சேரும். ஆனால் 80 வயதிலும் காட்டுவேலை செய்பவரும், 65இல் பிறர் துணையின்றி எழ முடியாதவரும் வயதுக் கணக்கில் மட்டும் அளக்கத்தக்கவர்கள் அல்லர். அடிபடுவதற்கு முன் ஒருவர் எப்படி நடமாடினார் என்பதைக் கேட்டறிவது பல வேளைகளில் வயதைவிட நல்ல குறி.

முதியோர் எப்படி அடிபடுகிறார்கள் என்பதற்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையிலுள்ள ஜேடர்பாளையத்தில் படுகை அணையிலிருந்து ராஜ வாய்க்கால் பிரிகிறது. வெற்றிலைக் கொடிக்கால், தென்னந்தோப்பு, கரும்பு, வாழை என வேளாண்மை ஓயாத இப்பகுதியில் வயதானவர்களும் வேலையை விடுவதில்லை. பாசி படிந்த வாய்க்கால் படி, கயிற்றை வெட்டியிழுக்கும் மாடு, மொபெட்டின் பின்னிருக்கை, ஈரமான குளியலறைத் தரை, எல்லாமே ஆபத்துதான். பெரிய விபத்தில்தான் பெரிய காயம் வரும் என்ற எண்ணம் முதியோர் விஷயத்தில் பொய்த்துவிடுகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் காயப் பதிவேட்டின் 2017 அறிக்கை, முதியோரின் கடுங்காயங்களுக்கு முதற்காரணம் இரண்டு மீட்டருக்கும் குறைந்த உயரத்திலிருந்து விழுவதே என்று காட்டியது.

“சும்மா வழுக்கி விழுந்துட்டாரு” என்று வீட்டார் சொல்வதை மருத்துவமனையும் அப்படியே எடுத்துக்கொள்வதுதான் பெரும் இடர். வயதேற மூளை சற்றுச் சுருங்குகிறது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையிலான இரத்தக்குழாய்கள் இழுபட்டு, சிறு அதிர்விலும் கசிகின்றன. இடைவெளி கூடுதலாக இருப்பதால் அறிகுறி தாமதமாகவே தெரியும். சில வாரங்கள் கழித்துத் தடுமாற்றமும் குழப்பமும் வரும்போது வயதின் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள். நேரத்தில் கண்டால், மண்டையோட்டில் சிறு துளையிட்டு அந்த இரத்தத்தை வடித்துப் பலரை மீட்க முடியும். இரத்த அழுத்தமும் ஏமாற்றும். வழக்கமாக 150 உள்ளவருக்கு 110 என்பது அதிர்ச்சிநிலையின் தொடக்கமாக இருக்கலாம். பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு, எவ்வளவு இரத்தம் போனாலும் நாடி விரைந்து துடிக்காமலிருக்கலாம்.

விலா எலும்பு முறிந்தால் வலிக்குப் பயந்து ஆழ மூச்சிழுக்கமாட்டார்கள், இருமமாட்டார்கள், நிமோனியா தொற்றும். இடுப்பெலும்பு முறிவில் படுத்த படுக்கையாவதே பகை. ஓராண்டுக்குள் ஐவரில் ஒருவருக்கு மேல் இறப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்து, மறுநாளே எழுப்பி நிறுத்துவது இழப்பைக் குறைக்கிறது. நாட்டுக் கட்டுப் போட்டு வாரக்கணக்கில் படுக்க வைப்பது இம்முறிவுக்குப் பொருந்தாது.

தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008இல் தொடங்கியது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12இல் திறக்கப்பட்டது. 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. நல்ல திட்டம்தான், ஆனால் கொல்லைப்புறத்தில் விழும் பாட்டி அதன் எல்லைக்குள் வரமாட்டார். அவருக்கு அரசு மருத்துவமனையும் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும்தான் துணை.

உயிர் பிழைத்தோர் கணக்கு விளைவின் ஒரு பாதிதான். வீடு திரும்பியவர் தானே கழிப்பறைக்குப் போகிறாரா, பழைய நடை வந்ததா என்பதை ஆறு மாதம் கழித்துக் கேட்டால்தான் மறுபாதி தெரியும். பெரும்பாலான பதிவேடுகள் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகின்றன.

இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுக்கும் முதியவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அன்றே சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவருடைய மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.