யாரும் சாகாத காதல் கதை

போடியிலிருந்து தேவாரம் வழியாக மலையை ஒட்டியே தெற்கே போனால் பண்ணைப்புரம். இளையராஜா ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். 2010இல் வெங்கட் பிரபு எடுத்த ‘கோவா’ படத்தில் ஊரைவிட்டு ஓடுகிற மூன்று பையன்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். அவர்கள் போய்ச் சேரும் இடத்தில் ஒரு ஆண் ஜோடி இருக்கிறது. சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் நடித்தார்கள். அவர்கள் காதலர்கள் என்பதைப் படம் ஒளிக்கவில்லை, தமிழில் அது அன்றைக்குப் பெரிய விஷயம். ஆனால் நான் பார்த்த தியேட்டரில் அவர்கள் தோன்றும்போதெல்லாம் ஜனம் சிரித்தது. ஜோக்குக்கு இல்லை, ஜோடிக்கே.

பத்து வருஷம் கழித்து, 2020 ஊரடங்கில், கம்பெனி லேப்டாப்போடு போடிக்கு வந்து கிடந்தேன். ஏலக்காய் ஏலம் நின்றுபோயிருந்தது. விடியுமுன் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே தோட்டங்களுக்குக் கிளம்பும் ஜீப்புகள் தெருவில் தூசி படிந்து நின்றன. சித்தி மகள் யூடியூபில் ‘டூகெதர்’ என்ற தாய்லாந்துத் தொடரைப் போட்டுக் காட்டினாள். “ரெண்டு பசங்க லவ் ஸ்டோரிண்ணே. பயப்படாத, யாரும் சாக மாட்டாங்க.”

சிபாரிசே அதுதான்.

கல்லூரிப் பையன் டைன். விடாமல் பின்னாலேயே சுற்றும் கிரீனிடமிருந்து தப்பிக்க, கிடார் வாசிக்கும் சரவத்தைத் (எனக்குக் கடைசிவரை சர்பத் ஞாபகம்தான்) தன் காதலனாக நடிக்கச் சொல்கிறான். நடிப்பு நிஜமாகிறது. பதின்மூன்று எபிசோடு. ஹீரோ, ஹீரோயினை வைத்து நம்மாட்கள் நூறு தடவை எடுத்த கதை. நான்தான் இரண்டு எபிசோடு முழுக்க அடி எப்போது விழும் என்று காத்திருந்தேன். அப்பா பெல்ட்டை உருவுவார், ஊர் கூடும், யாராவது கயிற்றைத் தேடுவார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பாட்டு, கோபம், பொறாமை, சமாதானம். அவ்வளவுதான்.

இந்த லேசு திடீரென்று வந்ததில்லை. 1970களில் ஜப்பானில் ஹாகியோ மோட்டோ, தாகேமியா கேய்கோ போன்ற பெண்கள், இளம்பெண்களுக்கான பத்திரிகைகளில் பையன்களின் காதலைச் சித்திரக்கதையாக வரைந்தார்கள். அந்த மரபு தாய்லாந்துக்குப் போய், இணையத்தில் நாவல்களாக வளர்ந்தது. 2014இல் ‘லவ் சிக்’, 2016இல் ‘சோட்டஸ்’ என்று டிவிக்கு வந்தது. ‘டூகெதர்’கூட ஜிட்டிரெய்ன் எழுதிய நாவல்தான். குறையில்லாமலும் இல்லை. இருவரில் யார் ‘பொண்டாட்டி’ என்ற கிண்டல் இந்தத் தொடர்களில் வந்துகொண்டே இருக்கும். பெண்மை கலந்து நடக்கும் கிரீன் பெரும்பாலும் கேலிப்பொருள். கிட்டத்தட்ட நம் தியேட்டர் சிரிப்பேதான் அது.

எனக்கு வியப்பு வேறு இடத்தில். டைனும் சரவத்தும் திரையில் சேர்ந்த 2020இல், அந்த நாட்டில் இரண்டு ஆண்கள் சட்டப்படி கல்யாணம் செய்ய முடியாது. அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 2025 ஜனவரி 23 அன்று. தொடர்கள்தான் சட்டத்தைக் கொண்டுவந்தன என்று சொல்ல மாட்டேன். அதற்காகப் பல வருஷம் தெருவில் நின்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விளையாட்டு முதலில் வந்தது, உரிமை பிறகு.

இங்கே தலைகீழ். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவர்களை ‘மாற்ற’ முயலும் சிகிச்சைகளைத் தடுக்கச் சொன்னார். இந்த விஷயம் தனக்கே புரிய வேண்டும் என்று ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டதையும் உத்தரவில் மறைக்கவில்லை. 2022இல் மரியாதையான சொற்களைத் தமிழக அரசு அரசிதழில் பட்டியலிட்டது. கல்யாண உரிமை மட்டும் 2023இல் டெல்லியில் கிடைக்கவில்லை. சட்டமும் சொல்லகராதியும் வந்துவிட்டன. ஒரு ஜாலியான காதல் படம் வரவில்லை.

அந்த 2021 வழக்கைத் தொடுத்தவர்கள், எங்கள் ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்கும் ஜவுளிக்கும் போகிற மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள். வீட்டார் காணவில்லை என்று புகார் கொடுத்தது, போலீஸ் விசாரித்தது எல்லாம் பதிவாகியிருக்கிறது. யார் முதலில் பேச்சுக் கொடுத்தது, எந்தப் பாட்டுக்குச் சண்டை வந்தது, சமாதானத்துக்கு யார் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தது என்பதெல்லாம் கோர்ட்டுக்குத் தேவைப்படவில்லை.